சதுப்பு எந்தச் சர்வே எண்ணில் முடிகிறது?

பள்ளிக்கரணைப் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்க நினைப்பவர் என்னென்ன பார்ப்பார்? தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, புலப்படம், மனைப்பிரிவு அங்கீகாரம். எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்து கருத்துரை வாங்குவார். வங்கி தன் பங்குக்கு இன்னொரு வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடனை விடுவிக்கும். இத்தனையும் சுத்தமாக இருந்தாலும் அந்த மனை பள்ளிக்கரணைச் சதுப்பின் ராம்சர் எல்லைக்குள், அதாவது சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் பட்டியலிட்ட பகுதிக்குள், வருகிறதா இல்லையா என்பதை இந்தக் காகிதங்களில் ஒன்றுகூடச் சொல்லாது. வில்லங்கச் சான்றில் விற்பனையும் அடமானமும் பாகப்பிரிவினையும் இருக்கும். ஈரநில விதிகள் அதில் ஒரு வரியாகக்கூட வராது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. பள்ளிக்கரணை ராம்சர் பகுதிக்குள்ளும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கும், அறிவியல் ஆய்வு முடிந்து எல்லை வரையறுக்கப்படும்வரை கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்றது. திட்ட அனுமதிகள் நின்றன. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடித் திட்டம் ராம்சர் எல்லைக்குள் வருகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. அரசுத் தரப்பு சொன்ன பதிலில்தான் விஷயம் இருக்கிறது. ராம்சர் பகுதியின் எல்லை சர்வே எண் வாரியாக இன்னும் களத்தில் சரிபார்க்கப்படவில்லை, அந்தப் பணி நடந்துகொண்டிருக்கிறது என்பதே அந்தப் பதில். பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022இல்.

ஆக, மூன்று ஆண்டுகள் ஒரு சட்டம் அமலில் இருந்திருக்கிறது. அது எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்பது மட்டும் வரையப்படவில்லை. ஈரநில விதிகளைப் பற்றிய என் மதிப்பீடு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. விதிகள் கடுமையானவை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விதிகள் இருப்பதே போதும் என்று திருப்தி அடைகிற சூழலியல் நண்பர்களோடும் இல்லை.

முதலில் விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. ஆனால் ஈரநிலத்துக்கென்று தனி விதிகள் வர 2010 ஆனது. அவற்றை மாற்றி 2017 செப்டம்பரில், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ், இப்போதுள்ள ஈரநில (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் வந்தன. நான்காம் விதியே இதன் உயிர். ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது. புதிய தொழிற்சாலை கூடாது, இருப்பதை விரிவாக்கவும் கூடாது. குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. அந்தப் பத்தாண்டுகளை விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

அந்த ஐம்பது மீட்டரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2017லிருந்து பின்னோக்கிப் போனால் 2015 டிசம்பர் வெள்ளம் கணக்குக்குள் வந்துவிடுகிறது. சராசரி என்பதால் அந்த ஒரு வருடத்தின் உச்சம் மற்ற வருடங்களோடு கரைந்தும் போகிறது. மலையோரத்து ஏரியில் வெள்ள மட்டம் ஓரடி ஏறினால் கரைக்கோடு சில அடிகள் நகரும், அவ்வளவுதான். பள்ளிக்கரணை தட்டையான பூமி. அங்கே ஓரடி ஏற்றம் தெருத் தெருவாக உள்ளே போகும். எனவே எந்த அளவுகோல், எந்த வருடம், எந்தப் பதிவேடு என்பதைப் பொறுத்து ஒருவருடைய மனை ஐம்பது மீட்டருக்கு உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். அந்த அளவை யார் எடுத்தார்கள், வரைபடம் எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டாதாரர் தாலுகா அலுவலகத்தில் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்க வேண்டாமா?

விதிகளில் இன்னொரு கூறு உண்டு. அதைப் பொதுவெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. வனச் சட்டங்களின் கீழும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் கீழும் வரும் ஈரநிலங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவற்றுக்கு அந்தந்தச் சட்டங்களே காவல். பள்ளிக்கரணை ராம்சர் பகுதி சுமார் 1,248 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 700 ஹெக்டேர் காப்புக்காடு. 2007இல் 317 ஹெக்டேரில் தொடங்கி விரிந்தது. அதற்கு வனத்துறை இருக்கிறது. அப்படியானால் ஈரநில விதிகளின் முழுப் பாரமும் இறங்குவது மிச்சமுள்ள ஏறத்தாழ 550 ஹெக்டேரில். வருவாய்த் துறை நிலம், பிற அரசுத் துறைகளின் நிலம், தனியார் பட்டா நிலம் எல்லாம் கலந்து கிடப்பது அங்கேதான். சட்டம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் கோடு இல்லை.

மாநில அரசு ஓர் ஈரநிலத்தைத் தானாக அறிவிக்கும்போது ஒரு முறை இருக்கிறது. எல்லை வரைபடம், தாக்க மண்டலத்தின் வரைபடம், ஏற்கெனவே உள்ள உரிமைகளின் கணக்கு, எந்தெந்தச் செயல்களை அனுமதிக்கலாம், எவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் கொண்ட ஒரு சுருக்க ஆவணத்தைத் தயாரிக்க வேண்டும். வரைவு அறிவிக்கை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு இது. ஆனால் ராம்சர் தலம் என்றால் இந்த அறிவிக்கைக்குக் காத்திராமல் விதிகள் நேரடியாகவே பொருந்திவிடுகின்றன. மிகக் கடுமையான கட்டுப்பாடு வரும் இடத்தில்தான் நில உடைமையாளரின் ஆட்சேபத்தைக் கேட்கும் படி விடுபட்டுப் போகிறது. 2010 விதிகளில் மத்திய ஈரநில ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யத் தனி வழி இருந்தது. 2017இல் அதுவும் இல்லை. சூழலுக்காக வாதாடுகிறவர்களும் இந்தக் குறையைக் கண்டிக்க வேண்டும். ஏனென்றால் அந்த மேல்முறையீட்டு வழி நில உடைமையாளருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இனி சதுப்பின் பக்கத்து நியாயம். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கலங்கல் வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. வந்த நீர் அங்கே பரவி, அமர்ந்து, நிதானமாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்த சதுப்பு இது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. மழையின் அளவு அப்படிக் குறையவில்லை. நீர் நிற்கும் இடம் சுருங்கியதால் நீர் வீடுகளுக்குள் நிற்கிறது. 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மக்கள் படகில் ஏறி வெளியே வந்தார்கள்.

நில உடைமையாளர் என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது இந்த இடத்தில்தான் தவறாகிறது. சதுப்புக்குள் மனை வைத்திருப்பவர் நில உடைமையாளர் என்றால், சதுப்புக்கு வெளியே வேளச்சேரியில் இருபது வருடக் கடன் கட்டி வாங்கிய தரைத்தள வீட்டில் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்றவரும் நில உடைமையாளர்தான். முன்னவர் லாரி லாரியாகக் கட்டட இடிபாடும் செம்மண்ணும் கொட்டித் தன் மனையை நாலடி உயர்த்தும்போது அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பின்னவருடைய கூடத்துக்கு வருகிறது. ஒருவரின் சொத்துரிமையைத் தடுக்கிறது என்று நாம் பார்க்கும் அதே விதி இன்னொருவரின் சொத்தைக் காக்கிறது. உரிமை பற்றிய விவாதங்களில் அனுமதி மறுக்கப்பட்டவரின் குரல் கேட்கிறது. அவருக்கு வழக்குத் தொடுக்க ஓர் உத்தரவு கையில் இருக்கிறது. வெள்ளம் புகுந்தவரின் நஷ்டம் எந்த உத்தரவிலும் எழுதப்படுவதில்லை. அவர் சோபாவை வெயிலில் காயவைத்துவிட்டு, பிரிட்ஜைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டுகிறார்.

ஆகவே, என் பட்டா, என் நிலம், நான் நிரப்புவேன் என்ற வாதத்தை ஏற்க முடியாது. பட்டா என்பது நிலத்தின் மீதான உரிமை. அண்டை அயலாரின் வெள்ள அபாயத்தைக் கூட்டும் உரிமை அதில் அடங்கவில்லை. நீர், சதுப்பு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை நம் உச்ச நீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அது நிலைத்த சட்டம். இந்த அளவில் விதிகளின் அடிப்படை சரியானது, இன்னும் சொன்னால் தாமதமாக வந்தது.

ஆனால் நில உடைமையாளர் தரப்பின் வலுவான வாதம் வேறு. அதைப் பெரும்பாலும் பில்டர்களின் வக்கீல்கள் மட்டுமே சொல்வதால் நாம் காது கொடுப்பதில்லை. பட்டா கொடுத்தது யார்? வழிகாட்டி மதிப்பு நிர்ணயித்து முத்திரைத்தாள் கட்டணம் வாங்கியது யார்? மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்து, மின் இணைப்பு கொடுத்து, சொத்துவரி வசூலித்தது யார்? அதோடு முடியவில்லை. சதுப்பின் குறுக்கே பல்லாவரம் – துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையைப் போட்டது அரசு. பெருங்குடிக் குப்பைக் கிடங்கைப் பல்லாண்டு காலம் சதுப்பிலேயே வளர்த்தது மாநகராட்சி. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் எழும்பியிருப்பதும் பள்ளிக்கரணையில்தான். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திய ஏழைகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி, பெரும்பாக்கத்தில் சதுப்பின் ஓரத்தில் குடியமர்த்தியதும் அரசின் வாரியமே. அந்த மக்கள் ஒருவரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவ்வளவையும் செய்த அரசு ஒரு நாள் காலையில் அரை கிரவுண்டுக்காரரைப் பார்த்து, நீ ஈரநிலத்தில் கட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது.

சொத்துரிமை 1978இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கினாலும் 300-ஏ பிரிவில் அரசியலமைப்பு உரிமையாக நீடிக்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமைக்குள் ஏழு துணை உரிமைகள் இருப்பதாகப் பிரித்துச் சொன்னது. முன்னறிவிப்பு பெறும் உரிமை, ஆட்சேபம் கேட்கப்படும் உரிமை, காரணம் காட்டிய முடிவைப் பெறும் உரிமை, நியாயமான இழப்பீடு ஆகியவை அவற்றில் அடங்கும். அது நிலம் எடுப்பைப் பற்றிய தீர்ப்பு. ஈரநில விதி நிலத்தை எடுப்பதில்லை, பயன்பாட்டைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகையால் 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு இங்கே வராது. சட்டப்படி இது சரி. நியாயப்படி பாதிதான் சரி. வீடு கட்டுவதற்கென்றே அங்கீகரித்து விற்கப்பட்ட மனையில் வீடு கட்டவே கூடாது என்றால் உடைமையாளர் கையில் மிஞ்சுவது வரி ரசீது மட்டும்.

எல்லாப் பட்டாவையும் ஒரே தட்டில் வைப்பதும் பெரிய பிழை. சதுப்பின் விளிம்பில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவரின் நன்செய்ப் பட்டா ஒரு வகை. நெல்வயலை விதிகளே ஈரநில வரையறையிலிருந்து விலக்கிவைக்கின்றன. அவர் பயிர் செய்வதில் சதுப்புக்குக் கேடும் இல்லை. அவர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அரசின் வேலை. புறம்போக்கைப் பதிவேட்டில் திருத்திப் பட்டாவாக்கியது இன்னொரு வகை. அதற்கு இழப்பீடு என்ற பேச்சே எழக் கூடாது. பட்டாவை ரத்து செய்வதோடு, திருத்திய கையையும் தேட வேண்டும். அங்கீகரித்த மனைப்பிரிவில் சேமிப்பைப் போட்டு நல்லெண்ணத்தோடு வாங்கிய சிறு மனைக்காரர் மூன்றாம் வகை. சட்ட ஆலோசகர்களும் மண் பரிசோதனை அறிக்கைகளும் கையில் வைத்துக்கொண்டு, சதுப்பு என்று தெரிந்தே ஏக்கர் கணக்கில் வாங்கிய நிறுவனம் நான்காம் வகை. அந்த அபாயம் அது வாங்கிய விலையிலேயே சேர்ந்திருந்தது. கடைசி இருவருக்கும் ஒரே தடை, ஒரே காத்திருப்பு என்பது சமத்துவம் ஆகாது. நிறுவனம் பத்து வருடம் காத்திருக்கும். சிறு மனைக்காரர் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பத்து மாதம் தாங்க மாட்டார்.

ஒரு கிலோமீட்டர் வளையத்துக்கு வருகிறேன். விதிகளில் தாக்க மண்டலம் என்ற கருத்து இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் எந்தப் பகுதியில் நடக்கும் வேலைகள் ஈரநிலத்தின் தன்மையைக் கெடுக்குமோ அந்தப் பகுதி என்பது அதன் பொருள். அது சரிவையும் வாய்க்காலையும் பொறுத்தது. நீர் காம்பஸ் வைத்து வரைந்த வட்டத்தில் ஓடுவதில்லை. நன்மங்கலத்தில் ஒரு வரத்துக்கால்வாயை அடைப்பது, வேளச்சேரியில் ஏற்கெனவே கட்டி முடித்த தெருவில் ஒருவர் மாடி எழுப்புவதைவிடப் பல மடங்கு சதுப்பைப் பாதிக்கும். முன்னது ஒரு கிலோமீட்டருக்கு வெளியே, பின்னது உள்ளே என்றால் அந்த வளையம் தவறான ஆளைப் பிடிக்கிறது.

அறிவியலாகப் பார்த்தால் அந்த வளையம் பலவீனமானது. ஆனாலும் இடைக்கால உத்தரவாக அதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டுகளாக அரசு கோடு போடவில்லை. கோடு இல்லாத இடைவெளியில் அனுமதிகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. அப்படியொரு நிலையில் தீர்ப்பாயத்துக்கு முன் இருந்த வழி இரண்டுதான்: முழுதாக நிறுத்துவது, அல்லது ஆய்வு முடியும்போது ஆய்வு செய்ய எதுவும் மிஞ்சாமல் விடுவது. ஊற்றிய கான்கிரீட்டை எந்தத் தீர்ப்பும் திரும்ப எடுக்காது. நிறுத்திய அனுமதியைத் திரும்பக் கொடுக்க முடியும். எனவே உத்தரவு சரி. அதை அவசியமாக்கிய தாமதம் குற்றம். அந்த வளையம் நிரந்தரமாகிவிடக் கூடாது என்பதற்கு வேடந்தாங்கல் சாட்சி. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரம் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்களும் பட்டா நிலங்களும் உள்ளே அடங்கின. 2020இல் அதை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எண்ணை வைத்து வரைந்த எல்லையை இன்னொரு எண்ணை வைத்துச் சுருக்கப் பார்ப்பார்கள். இந்த வாய்க்கால், இந்தக் கலங்கல், இந்தச் சர்வே எண் என்று வரைந்த எல்லையைச் சுருக்குவது அவ்வளவு லேசல்ல.

விதிகளின் மிகப் பெரிய ஓட்டை தமிழ்நாட்டுக்கென்றே உண்டானதுபோல் இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட நீர்நிலைகள் ஈரநில வரையறைக்குள் வராது. குடிநீருக்காகக் கட்டியவையும் அப்படியே. நம் ஊரில் ஈரநிலம் என்றாலே பெரும்பாலும் ஏரிதான். ஏரி என்றாலே யாரோ ஒரு காலத்தில் பாசனத்துக்குக் கட்டியதுதான். பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகளின் ஆயக்கட்டு வீடுகளாகிவிட்டது, பாசனம் போய்விட்டது, பாசன ஏரி என்ற விலக்கு மட்டும் மிஞ்சி நிற்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஏரியின் எல்லைக்குள் நுழைந்தவரைப் பற்றியது. வரத்துக்கால்வாய்க்கும் நீர்ப்பிடிப்புக்கும் தாக்க மண்டலம் என்ற பார்வை அதில் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2017இல், இஸ்ரோ செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் கண்ட இரண்டே கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கும் 2010 விதிகளின் நான்காம் விதி தரும் பாதுகாப்பை நீட்டியது. 2024 டிசம்பரில் அந்த எண்ணிக்கை 2,31,195 ஆனது. அவற்றை மூன்று மாதத்துக்குள் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவும் போனது. செயற்கைக்கோளுக்கு நீர் தெரியும், பட்டா தெரியாது. அந்த இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவருவதுதான் களச் சரிபார்ப்பு. அதற்கு வேண்டியது சங்கிலியும் ஜி.பி.எஸ் கருவியும் கையில் வைத்த சர்வேயர். நம் வருவாய்த் துறையில் ஒரு சாதாரண உட்பிரிவு மனுவே எத்தனை மாதம் கிடக்கிறது என்பது பட்டா மாற்றத்துக்கு அலைந்த எவருக்கும் தெரியும்.

கேரளம் இதை வேறு மாதிரி செய்து பார்த்தது. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழுவை வைத்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் சேர்ந்து நிலத்தைச் சர்வே எண்ணோடு தரவு வங்கியில் ஏற்ற வேண்டும். நெல்வயல் தவிர வேறு நிலம் இல்லாதவர் தன் வீட்டுக்காக ஊராட்சியில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட் வரை மாற்றிக்கொள்ளக் கோரலாம். சட்டம் அமலான 2008 ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்த நிலம் எப்படி இருந்தது என்பதே கேள்வி. தகராறு வந்தால் பழைய செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்க்கலாம். இதில் குளறுபடிகள் ஏராளம். மேட்டு நிலம் வயலாகவும் வயல் மேட்டு நிலமாகவும் தரவு வங்கியில் ஏறி, திருத்தக் கோரும் மனுக்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. 2018 திருத்தம் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றத்தை அனுமதிக்கும் கதவையும் திறந்துவிட்டது. அதை நான் பின்னடைவாகவே கருதுகிறேன். ஆனாலும் அங்கே ஒருவர் தன் சர்வே எண்ணைச் சொல்லி, பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க முடிகிறது. இருப்பது தவறு என்று மனுப்போட முடிகிறது. தப்பும் தவறுமான பட்டியலைத் திருத்தலாம். இல்லாத பட்டியலை யாரும் திருத்த முடியாது.

தெளிவில்லாத கோடு கடைசியில் யாரை அழிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சாக்கெட் வழக்கைப் பார்க்க வேண்டும். ஐடஹோ மாநிலத்தில் ஓர் ஏரிக்கு அருகே 2004இல் ஒரு தம்பதி வீட்டுமனை வாங்கினார்கள். கட்டத் தொடங்கி மண் நிரப்பியபோது, இது 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்துக்கு உட்பட்ட ஈரநிலம், பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் நாளொன்றுக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் அபராதம் வரும் என்று 2007இல் உத்தரவு வந்தது. அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போக முடியுமா என்ற கேள்விக்கே 2012 வரை இழுத்தது. 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதோடு நில்லாமல், ஆறு, ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலத்துக்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் எல்லையைச் சுருக்கிவிட்டது. மண்ணுக்கடியில் இணைந்திருக்கும் எண்ணற்ற ஈரநிலங்கள் ஒரே நாளில் கூட்டாட்சிப் பாதுகாப்பை இழந்தன. ஒரு வீட்டுமனைக்காரரிடம் காட்டிய தெளிவின்மைக்கும் பிடிவாதத்துக்கும் நாடு முழுவதிலும் உள்ள சதுப்புகள் விலை கொடுத்தன. பாதிக்கப்பட்ட சிறு உடைமையாளர் ஒருவர் போதும், பெரிய நிறுவனங்கள் அவர் நிழலில் நின்று சட்டத்தையே உடைத்துவிடும். பள்ளிக்கரணையில் அது நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதே நாடு 1990 முதல் இன்னொரு வழியையும் நடத்தியது. வடிகட்டிப் பயிர் செய்த நிலத்தை மீண்டும் ஈரநிலமாக விட ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு அரசு பணம் கொடுத்துப் பயன்பாட்டு உரிமையை மட்டும் வாங்கிக்கொள்ளும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். நம்மிடமும் இதற்குக் கருவி இல்லாமல் இல்லை. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விடுபவருக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையைத் தரும் வளர்ச்சி உரிமை மாற்றம் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. சாலைக்குக் கொடுக்கிறோம், சதுப்புக்குக் கொடுக்கக் கூடாதா? அங்கீகரித்த மனையைச் சதுப்புக்காக இழக்கும் சிறு உடைமையாளருக்கு அந்தச் சான்றோ, மாற்று மனையோ, வாங்கிய விலையோடு முத்திரைக் கட்டணமோ கிடைக்க வேண்டும். வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது சலுகையும் ஆகாது.

இவ்வளவையும் எடைபோட்டு நான் வந்து சேரும் முடிவு இது. ஈரநில விதிகளின் நோக்கமும் நான்காம் விதியின் தடைகளும் நியாயமானவை; அவற்றைத் தளர்த்தக் கேட்கும் எந்தக் கோரிக்கையையும் ஏற்கக் கூடாது. நில உடைமையாளர்களில் பெரும்பான்மையோருக்கு, அதாவது சதுப்பைச் சுற்றி ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு, இந்த விதிகள்தான் பாதுகாப்பு. ஆனால் எல்லை வரையாமல் விதியை மட்டும் அமல்படுத்துவது சட்டத்தின் வேலையைப் பாதியில் விடுவது. அதனால் சதுப்பும் காப்பாற்றப்படவில்லை, உடைமையாளருக்கும் பதில் கிடைக்கவில்லை. இதில் பொறுப்பு விதியை எழுதிய டெல்லிக்குக் கொஞ்சம், எல்லை வரையாமல் மூன்று ஆண்டு விட்ட மாநில அரசுக்கு மிகுதி.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. பள்ளிக்கரணை ராம்சர் பகுதியில் அடங்கும் ஒவ்வொரு சர்வே எண்ணும், உட்பிரிவும் சேர்த்து, அரசிதழில் வர வேண்டும். தாக்க மண்டலம் வட்டமாக இல்லாமல் வாய்க்கால் வழியாக வரையப்பட வேண்டும். ஆயக்கட்டு இழந்த ஏரிகளைப் பாசன விலக்கிலிருந்து எடுத்து மாநில அரசே ஈரநிலமாக அறிவிக்க வேண்டும். ராம்சர் தலங்களிலும் 60 நாள் ஆட்சேபம் கேட்கப்பட வேண்டும். அந்த எல்லை வில்லங்கச் சான்றில் ஒரு பதிவாக ஏற வேண்டும், இணையத்தில் பட்டா பார்க்கும் பக்கத்தில் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அதுவரை தென்சென்னையில் மனை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டா சுத்தமாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், ராம்சர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் வனத்துறையிடமும் எழுத்து மூலம் வாங்கித் தரச் சொல்லுங்கள். வாங்கித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.